வேலை போன டிசம்பரும் வாக்குத்தத்த அட்டையும்

மனைவியும் மகளும் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போயிருக்க, சிங்கப்பூரில் தனி ஆளாக, வேலை இல்லாமல், விசா நாள் எண்ணிக்கொண்டு ஒரு புது வருஷத்துக்குள் போவது எப்படி என்று எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சபையில் கேட்கிற சாட்சிகள் எல்லாம் முடிந்துபோன கஷ்டங்களைப் பற்றியவை. வேலை போச்சு, ஜெபித்தோம், அதைவிட நல்ல வேலை கிடைத்தது, ஸ்தோத்திரம். இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். நடுவில் அந்த மனிதர் வாடகைக்கு என்ன செய்தார், எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார், எதில் போடவில்லை, ராத்திரி தூங்கினாரா என்பதெல்லாம் சாட்சியில் வராது. நான் எழுதப்போவது அந்த நடுப்பகுதியை. விசுவாசத்தைப் பற்றியும் எழுதுவேன், வருமான வரிப் படிவத்தைப் பற்றியும் எழுதுவேன். அந்த டிசம்பரில் இரண்டும் எனக்கு ஒரே மேசையில்தான் கிடந்தன.

எனக்கு 38 வயது. நாகர்கோவில் பக்கம். எம்ப்ளாய்மெண்ட் பாஸில், அதாவது வெளிநாட்டவருக்கான வேலை அனுமதியில், ஆறு வருஷமாக ஒரே கம்பெனியில் மென்பொருள் வேலை. 2024 டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு திங்கட்கிழமை காலை என்னைச் சின்ன மீட்டிங் அறைக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே போனதும் முதலில் கண்ணில் பட்டது மேசை நடுவில் இருந்த டிஷ்யூ பெட்டி. புதுசு, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. எனக்கு முன்னால் வந்தவர்கள் யாரும் அழவில்லை போலிருக்கிறது, அல்லது நான்தான் முதல் ஆள். மனிதவளப் பிரிவிலிருந்து வந்த பெண் ஒரு கடிதத்தை நீட்டி, இன்றே கையெழுத்துப் போட்டால் எல்லாம் சீக்கிரம் முடியும் என்றார். வாசித்துவிட்டு நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன். கை நடுங்கியது உண்மை. ஆனால் அந்த ஒரு வாக்கியம் வாயில் வந்ததுக்கு இன்றுவரை நன்றி சொல்கிறேன்.

எங்கள் தமிழ் மெதடிஸ்ட் சபையில் ஓய்வுபெற்ற மனிதவள அதிகாரி ஒருவர் இருக்கிறார். எல்லாருக்கும் அவர் அங்கிள். அன்று சாயங்காலம் காப்பிக் கடையில் அவரிடம் கடிதத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இரண்டு தடவை வாசித்தார். "தம்பி, இதில பரஸ்பர சம்மதத்தோட விலகுறேன்னு போட்டிருக்கு. நீயா விலகுற? அவங்கதானே அனுப்புறாங்க? ஆட்குறைப்புன்னு எழுதிக் கேளு" என்றார். மறுநாள் கேட்டேன். முகம் சுளித்தார்கள், ஆனால் மாற்றித் தந்தார்கள். இது வெறும் சொல் விஷயம் இல்லை. சிங்கப்பூரில் இரண்டு வருஷமாவது வேலை செய்தவருக்கு, ஒவ்வொரு வருஷத்துக்கும் இரண்டு வாரம் முதல் ஒரு மாதச் சம்பளம் வரை ஆட்குறைப்பு இழப்பீடு தருவது வழக்கம். சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, ஒப்பந்தத்தையும் கம்பெனியின் மனசையும் பொறுத்தது. ஆனால் நாமே விலகியதாக எழுதிக் கொடுத்துவிட்டால் அதைக் கேட்கவே வாய் இருக்காது. எனக்கு வருஷத்துக்கு இரண்டு வாரம் என்று கணக்குப் போட்டார்கள், கிட்டத்தட்ட மூன்று மாதச் சம்பளம். வேலை போனதுக்கான அந்த இழப்பீட்டுக்கு இங்கே வருமான வரி கிடையாது. நோட்டீஸுக்குப் பதிலாகத் தருகிற சம்பளத்துக்கு உண்டு. இரண்டையும் தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்து அங்கிள் கேட்ட கேள்விதான் முக்கியம்: கடைசி நாள் என்றைக்கு? அந்த வாரமே முடித்துவிட்டு நோட்டீஸ் சம்பளத்தைக் கையில் கொடுப்பதாகக் கம்பெனி சொல்லியிருந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வெளிநாட்டவருக்குப் பணத்தைவிட நாள்தான் பெரிது. கடைசி நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் கம்பெனி பாஸை ரத்து செய்தாக வேண்டும். ரத்தானதும் 30 நாள் குறுகியகால வருகை அனுமதி கிடைக்கும். அந்த 30 நாளை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும் என்று பாருங்கள். புதுக் கம்பெனி நமக்கு எம்ப்ளாய்மெண்ட் பாஸ் கேட்பதற்கு முன் அந்த வேலையை மைகேரியர்ஸ்ஃபியூச்சர் என்ற அரசு வேலைவாய்ப்புத் தளத்தில் குறைந்தது 14 நாள் விளம்பரப்படுத்தியிருக்க வேண்டும். சின்னக் கம்பெனிகளுக்கும் மிகப் பெரிய சம்பளத்துக்கும்தான் விலக்கு. பிறகு விண்ணப்பம், அதற்குச் சுமார் பத்து வேலைநாள். இரண்டையும் கூட்டினாலே மாதம் போய்விடும். நேர்காணலுக்கு ஒரு நாள்கூட மிச்சமில்லை, அதிலும் டிசம்பரில், பாதிப் பேர் விடுமுறையில் இருக்கும்போது. அதனால் நோட்டீஸ் காலத்தைப் பணமாக வாங்காமல் நாளாகக் கேளுங்கள், அலுவலகத்துக்கு வராதே என்று சொன்னாலும் பரவாயில்லை. எனக்கு மொத்தமும் கிடைக்கவில்லை, ஒரு வாரம் தள்ளிக் கொடுத்தார்கள். அனுமதி ஜனவரி 16 வரை வந்தது. வேலை தேடும்போதும் ஏற்கெனவே 14 நாள் விளம்பரம் ஓடி முடிந்த இடங்களை முதலில் பிடியுங்கள்.

பிறகு வரி. பாஸ் வைத்திருப்பவர் வேலையை விட்டால் கம்பெனி ஐஆர்21 என்ற படிவத்தை வருவாய் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். வேலை முடிவது தெரிந்ததிலிருந்து, வரிக் கணக்கு முடியும்வரை அல்லது படிவம் அனுப்பி 30 நாள்வரை, நமக்குத் தர வேண்டிய பணம் முழுவதையும் நிறுத்தி வைக்கும். கடைசிச் சம்பளம், விடுப்புப் பணம், இழப்பீடு எல்லாம் அதில் சேரும். இதில் கம்பெனியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, சட்டம் அப்படி. ஆனால் எனக்கு அது தெரியாமல் இருந்திருந்தால் கிறிஸ்துமஸ் வாரத்தில் வங்கிக் கணக்கைப் பார்த்து மயங்கியிருப்பேன். ஒரு மாதச் செலவுக்காவது தனியாகக் காசு இருக்க வேண்டும். சம்பளச் சீட்டுகளைக் கம்பெனியிடமிருந்தும், வரி மதிப்பீட்டுக் கடிதங்களை அரசுத் தளங்களுக்கான சிங்பாஸ் கணக்கில் புகுந்தும், பாஸ் உயிரோடு இருக்கும்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சம்பளப் பாக்கியில் தகராறு வந்தால் வேலையை விட்ட ஆறு மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும் என்பதையும் குறித்து வையுங்கள்.

வீட்டில் அன்று ராத்திரியே சொல்லிவிட்டேன். வீடியோவில் மனைவி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ நாங்க திரும்பி வர முடியாதா?" என்று கேட்டாள். அதுவரை எனக்கு அது உறைக்கவே இல்லை. என் பாஸோடு அவர்களுடைய பாஸும் ரத்தாகும். விடுமுறைக்கு இரண்டு பெட்டியோடு போனவர்கள் அப்படியே அங்கே நின்றுபோனார்கள். வீட்டைக் காலி செய்யும் வேலை முழுதும் என் தலையில். மகளின் புத்தகப் பையை எடுத்தபோது உள்ளே ஒரு தாள். ஜனவரி 2-ஆம் தேதி பள்ளி திறக்கும் நாளுக்கு என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று கலர் பென்சிலால் எழுதி வைத்திருந்தாள். தண்ணீர் பாட்டில், டிஷ்யூ, இரண்டு பென்சில், அழிப்பான். அலுவலகத்தில் வராத அழுகை அங்கே வந்தது.

வாடகைதான் அதிகம் அடித்தது. செங்காங்கில் வீவக வீடு (அரசு அடுக்குமாடி), மாதம் 2,800 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், இரண்டு வருஷ ஒப்பந்தம், இரண்டு மாத வைப்புத்தொகை. வேலை போனால் விலகலாம் என்ற டிப்ளமேட்டிக் ஷரத்து இருந்தது. ஆனால் பன்னிரண்டு மாதம் முடிந்த பின்தான், அதுவும் இரண்டு மாத நோட்டீஸோடு. நாங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பித்ததே செப்டம்பரில். வீட்டு முகவர் சட்டப்படி பேசினார். நான் வீட்டுக்காரரை நேரில் போய்ப் பார்த்தேன். வயதான சீனர், நல்ல மனுஷர்தான், அவருக்கும் வீட்டுக்கடன் இருக்கிறது. வேறு குடும்பம் பிடித்துக் கொடுத்தால் விடுகிறேன் என்றார். சபை வாட்ஸ்ஆப் குழுவில் போட்டேன். வேலை போன விஷயமும் அதோடு எல்லாருக்கும் தெரிந்துபோனது. இரண்டு நாளில் ஒரு குடும்பம் வந்து பார்த்து ஜனவரி நடுவிலிருந்து எடுத்துக்கொண்டது. கடைசியில் எனக்குப் போனது அரை மாத வாடகையும் முகவர் தரகில் ஒரு பங்கும், இணைய ஒப்பந்தத்தை நடுவில் முறித்ததுக்கு அபராதமும். எல்லாம் சேர்த்து மூவாயிரம் வெள்ளிக்கு மேல். வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் வைப்புத்தொகை 5,600-ம் போயிருக்கும்.

வெட்கம் என்று சொன்னேன். அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வேலை போன செய்தி தெரிந்ததும் சபையில் பெரும்பாலானவர்கள் நன்றாகவே நடந்துகொண்டார்கள். ஒரு அக்கா ஒவ்வொரு ஞாயிறும் டப்பாவில் மீன் குழம்பு கொடுத்தார். ஒருவர் மட்டும் தோளில் கைவைத்து, "பிரதர், ஜெபத்துக்குத் தடையா ஏதாவது பாவம் இருக்கான்னு ஆராய்ஞ்சு பாருங்க" என்றார். கம்பெனி அன்று ஒரு பிரிவையே மூடியது. அதில் இந்துக்கள், முஸ்லிம்கள், சாமியே இல்லை என்பவர்கள் எல்லாரும் இருந்தார்கள். எல்லாருடைய பாவத்தையும் ஒரே திங்கட்கிழமை கணக்குப் பார்த்தாரா ஆண்டவர்? வாயில் வந்ததை விழுங்கிவிட்டேன். வேதாகமத்தில் எல்லாவற்றையும் இழந்த யோபுவைப் பார்க்க வந்த சிநேகிதர்கள் ஏழு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்ததுதான் அவர்கள் செய்த நல்ல காரியம் என்று எனக்குத் தோன்றும். பேசத் தொடங்கியதும் கெடுத்தார்கள். உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது வேலை போனால் குழம்பு கொடுங்கள், ஆராய்ச்சி வேண்டாம்.

பாஸ்டர் ஐயாவிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று. இழப்பீட்டுப் பணம் வரும்போது அதில் தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு காணிக்கை, எடுத்து வைக்க வேண்டுமா? எடுத்து வைக்காவிட்டால் சாபம் என்று யாரோ அனுப்பிய காணொளி மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சிரிக்கவில்லை. "முதல்ல வாடகை, பிள்ளை ஸ்கூல் ஃபீஸ், டிக்கெட். மிச்சத்தை ரெண்டு பேரும் உட்கார்ந்து ஜெபிச்சு முடிவு பண்ணுங்க. பயத்துல குடுக்குறது காணிக்கை இல்ல" என்றார். அன்றுதான் ஒரு வாரத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

பகல் பொழுதுதான் கஷ்டம். காலி செய்துகொண்டிருக்கும் வீட்டில் உட்கார முடியவில்லை. விக்டோரியா ஸ்திரீட்டில் தேசிய நூலகத்துக்கு மடிக்கணினியோடு போய்விடுவேன். அங்கே போனால்தான் தெரியும், என்னைப் போல எத்தனை பேர் சட்டையை உள்ளே விட்டு, அலுவலகத்துக்குக் கிளம்பியது போலவே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று. மதியம் அங்கிருந்து ஆஃபிர் ரோட்டுக்கு நடந்தால் லூர்து அன்னை தேவாலயம், 1888-இல் கட்டியது. நான் கத்தோலிக்கன் இல்லை. ஆனால் வாரநாளில் கதவு திறந்திருந்தது, மின்விசிறி ஓடியது, யாரும் எதுவும் கேட்கவில்லை. ஜெபம் வரவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. கோபம்தான் வந்தது. 13-ஆம் சங்கீதத்தை வாசித்துவிட்டு எழுந்து வருவேன். எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று ஆண்டவரைப் பார்த்துக் கேட்கிற சங்கீதம் அது, மொத்தமே ஆறு வசனம். சொந்த வார்த்தை வராத நாளில் தாவீதின் வார்த்தையைக் கடன் வாங்குவதில் தப்பில்லை.

31-ஆம் தேதி ராத்திரி, புது வருஷம் பிறக்கும்வரை விழித்திருக்கும் வாட்ச் நைட் ஆராதனைக்குப் போக மனசில்லை. வருஷம் முழுதும் காத்த தேவனுக்கு என்று எல்லாரும் பாடும்போது நான் என்ன முகத்தோடு நிற்பது? அங்கிள் வந்து கூட்டிப்போனார். இந்த ஆராதனைக்கு ஒரு பழைய கதை உண்டு. 1740-களில் இங்கிலாந்தில் கிங்ஸ்வுட் சுரங்கத் தொழிலாளிகள், முன்பு சாராயக் கடையில் கழித்த ராத்திரிகளை ஜெபத்தில் கழிக்க ஆரம்பித்தார்கள். அதிலிருந்து மெதடிஸ்டுகளிடம் பரவியது. நிலக்கரித் தூசியோடு, அடுத்த வாரக் கூலிக்கு உத்தரவாதம் இல்லாதவர்கள் விழித்திருந்த ராத்திரி. அதை நினைத்துக்கொண்டுதான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

நடுராத்திரி தாண்டியதும் தட்டு வந்தது. வாக்குத்தத்த அட்டை, புது வருஷத்துக்கென்று ஆளுக்கொரு வசனம் எடுப்பது. எனக்கு வந்தது எரேமியா 29:11. தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்ற வசனம். பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்து, "பாத்தீங்களா, ஆண்டவர் பேசிட்டார்! ஜனவரியிலேயே வேலை!" என்றார். மறுநாள் நூலகம் மூடியிருந்தது, வீட்டுத் தரையில் உட்கார்ந்து அந்த வசனத்துக்கு முன்னும் பின்னும் வாசித்தேன். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம். பதினோராம் வசனத்துக்கு முந்தின வசனத்திலேயே எழுபது வருஷம் என்று இருக்கிறது. அதுவரை வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்கிறது. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்ப வந்துவிடும் என்று கூட்டத்தின் முன் அறிவிக்கிறான். கேட்க இனிப்பு. ஆனால் அது பொய் என்கிறார் எரேமியா. அன்று காலை என் போனில் "இது உங்கள் திருப்புமுனை ஆண்டு" என்று வரிசையாக வந்திருந்த செய்திகளை வாசிக்காமலே அழித்தேன். அட்டை எடுப்பதில் எனக்கு ஒரு பகையும் இல்லை, இன்னும் எடுக்கிறேன். எடுத்தவர்கள் முழு அதிகாரத்தையும் வாசியுங்கள், அவ்வளவுதான்.

அந்த வார ஞாயிறு, ஜனவரி 5, உடன்படிக்கை ஆராதனை. மெதடிஸ்ட் சபைகளில் வருஷ ஆரம்பத்தில் இது உண்டு. மெதடிஸ்ட் இயக்கத்தின் தந்தை ஜான் வெஸ்லி 1755-இல் தொடங்கிவைத்தது. சின்ன வயசிலிருந்து வாயால் சொல்லிய ஜெபம்தான். நான் இனி என்னுடையவன் அல்ல, உம்முடையவன் என்று தொடங்கும். நடுவில், உமக்காக வேலை செய்யவும் தயார், உமக்காக ஒதுக்கி வைக்கப்படவும் தயார் என்று ஒரு வரி. வருஷா வருஷம் தாண்டிப்போன வரி அன்று தொண்டையில் சிக்கியது. அட்டையில் ஆண்டவர் எனக்கு என்ன தரப்போகிறார் என்று பார்த்தேன். இந்த ஜெபம் எனக்கு எதையும் வாக்குக் கொடுக்கவில்லை, என்னிடம்தான் கேட்டது. ஒதுக்கி வைக்கப்பட்டவனாகவே இந்த வருஷத்துக்குள் போக முடியுமா என்று. முழு மனசோடு சொன்னேன் என்று எழுதினால் பொய். பாதி மனசோடு சொன்னேன். ஆனால் அதற்கப்புறம், ஜனவரி 16-க்குள் நடந்தால்தான் ஆண்டவர் நல்லவர் என்ற கெடு என் மனசிலிருந்து போய்விட்டது.

நடக்கவும் இல்லை. புது வருஷத்தோடு விதியும் மாறியிருந்தது. 2025 ஜனவரி 1 முதல் புதிய எம்ப்ளாய்மெண்ட் பாஸ் விண்ணப்பங்களுக்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 5,000-இலிருந்து 5,600 வெள்ளியாக உயர்ந்தது. அது இளவயதினருக்கு. வயது ஏற ஏறக் கூடிக்கொண்டே போய், என் துறையில் 45-இல் 10,700 ஆக இருந்தது. என் வயதுக்கு வேண்டிய தொகை என் பழைய சம்பளத்தைக் கொஞ்சம் தாண்டிவிட்டது. அதோடு, விண்ணப்பதாரரையும் கம்பெனியையும் மதிப்பிட்டுப் புள்ளி போடும் காம்பஸ் முறையில் 40 புள்ளியும் வேண்டும். டிசம்பரில் தலையாட்டிய ஒரு கம்பெனி ஜனவரியில் பின்வாங்கியது. இன்னொரு இடம் பிடித்திருந்தது, ஆனால் விளம்பர நாள் முடியவில்லை. சம்பளம் பேசும்போது பழைய சம்பளத்தை வைத்துப் பேசாதீர்கள். உங்கள் வயதுக்கு மனிதவள அமைச்சின் தளத்தில் சுயமதிப்பீட்டுக் கருவியில் என்ன வருகிறது என்று முதலில் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

கெடு முடிவதற்கு முன்பே திருவனந்தபுரம் விமானம் ஏறினேன். நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கலாம், கிடைக்கும் என்று உறுதியில்லை. நாம் நாட்டில் இல்லாதபோதும் புதுக் கம்பெனி நமக்காக விண்ணப்பிக்க முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. தெரியாததால் ஊருக்குப் போவதையே தோல்வியாக நினைத்து, கடைசி நாள்வரை நெஞ்சிடிப்போடு இங்கே காசைக் கரைக்கிறார்கள். ஊரில் அம்மா ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டார் கேட்டார்கள், "லீவா?" என்று. லீவுதான் என்றேன். மகளை அங்கேயே பள்ளியில் சேர்த்தோம்.

விளம்பர நாள் முடியாத அந்தக் கம்பெனியே பிப்ரவரியில் விண்ணப்பித்து, மார்ச்சில் நான் திரும்பி வந்தேன். முன்பைவிடச் சின்னப் பதவி. குடும்பம் இன்னும் நாகர்கோவிலில். சபையில் சாட்சி சொல்லச் சொன்னார்கள். என்னோடு அதே திங்கட்கிழமை வெளியே வந்த நண்பன், அவனும் விசுவாசி, என்னைவிட அதிகம் ஜெபிக்கிறவன், இன்னும் ஊரில்தான் இருக்கிறான். அவனை வைத்துக்கொண்டு நான் மேடையில் ஏறி என்ன சொல்வது? அவனுக்கு வேலை கிடைக்காததும் என் சாட்சியில் ஒரு பகுதியாக இருக்க முடியுமானால் சொல்கிறேன் என்று பாஸ்டர் ஐயாவிடம் சொன்னேன். அப்படியே சொல்லுங்கள் என்றார். சொன்னேன். கைதட்டல் குறைவு, ஆனால் ஆராதனை முடிந்து மூன்று பேர் தனியாக வந்து பேசினார்கள், மூவருக்கும் வேலை ஆட்டத்தில்.

இப்போது வருஷக் கடைசி நெருங்கினால் போன் வருகிறது, யாரோ யாரிடமோ நம்பர் வாங்கி. பேச்சை நான் ஜெபத்தில் தொடங்குவதில்லை. கையெழுத்துப் போட்டாச்சா, கடைசி நாள் என்றைக்கு, வாடகை ஒப்பந்தத்தில் எத்தனை மாதம் முடிந்திருக்கிறது, வீட்டில் சொல்லியாச்சா, இன்று சாப்பிட்டீர்களா என்று கேட்பேன். கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி அங்கிளுக்குத் தள்ளிவிடுவேன். அதற்கப்புறம், அவர்கள் கேட்டால், ஜெபிப்போம்.